43 அம்பியர் என்று எழுதியிருந்தது



எங்கள் பிள்ளைகள் செய்த ரிமோட் வண்டியைப் பற்றி வெள்ளவத்தையில் பலர் விசாரித்தீர்கள். நல்லபடி முடிந்த பகுதியைப் படத்தில் கண்டிருப்பீர்கள். பிழைத்துப்போன பகுதியையும் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தோம். இன்னொரு பிள்ளை அதே இடத்தில் விழக்கூடாது.

யோசனை பிள்ளைகளுடையது. நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு கஞ்சிச் சட்டியை ஒழுங்கை முனை வரை தூக்கிக்கொண்டு வருபவர்கள் இரண்டு வயதானவர்கள். அதை ஒரு வண்டி சுமந்தால் என்ன? 2022இல் எரிபொருள் வரிசையில் வாப்பாமாரோடு நின்ற பிள்ளைகள் இவர்கள். பெற்றோல் இல்லாமல் ஓடும் எதுவென்றாலும் ஆசை.

ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டோம். பஞ்சிகாவத்தையில் பழைய வைப்பர் மோட்டர் இரண்டு வாங்கினோம். பிறகு 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், முதலாம் குறுக்குத் தெருவில் மோட்டர் கொன்ட்ரோலர் தேடினோம். எல்298என் என்ற பலகை மலிவு, ஆனால் ஒரு மோட்டருக்கு 2 அம்பியர்தான் தாங்கும். பீடீஎஸ்7960 சிப் உள்ள பலகையில் 43 அம்பியர் என்று போட்டிருந்தது. எங்கள் மோட்டருக்கு எவ்வளவு வேண்டும் என்று நாங்கள் அளந்திருக்கவில்லை. எண் பெரிது, விலை சிறிது என்று இரண்டை வாங்கி வந்தோம்.

தண்ணீர் நிரப்பிய சட்டியை வைத்து ஓட்டிப் பார்த்தோம். மெரின் டிரைவ் பக்கமிருந்து காலி வீதி நோக்கி ஒழுங்கை ஏறுகிற இடத்தில் வண்டி நின்றது. பலகையைத் தொட்டால் கை சுட்டது. ஆறவிட்டு ஓட்டினோம், மறுபடி நின்றது. மூன்றாம் முறை நடந்தது வேறு.

"சேர், கைய எடுத்துட்டேன், நிக்குதில்ல!"

இடது சில்லு சுழன்றுகொண்டே இருந்தது. வண்டி வட்டமடித்து மதிலில் மோதிச் சட்டி கவிழ்ந்தது. ஒரு பிள்ளை பாய்ந்து பற்றரி வயரைப் பிடுங்கினான். கொட்டியது பச்சைத் தண்ணீர். அது கொதிக்கும் கஞ்சியாக இருந்திருந்தால்? அன்றிரவு நித்திரை வரவில்லை.

கடைக்காரர் மீது குற்றமில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய நாங்களே வாசிக்காமல் வாங்கினோம். அந்தச் சிப்பைச் செய்த இன்ஃபினியன் நிறுவனத்தின் தரவுத்தாளைப் பிறகுதான் பிள்ளைகளோடு இருந்து வாசித்தோம். 43 என்பது அது நாளெல்லாம் ஓடும் அளவல்ல. மின்னோட்டம் அந்த அளவுக்கு வந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தடுக்கத் தொடங்கும்.

சூட்டைக் கணக்குப் பார்த்தோம். மின் போகும் பாதையின் தடை ஏறத்தாழ 16 மில்லிஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் சூடு. 15 அம்பியரில் 3.6 வாட். 43 அம்பியரில் ஏறத்தாழ 30 வாட், ஒரு சோல்டரிங் அயனின் சூடு! விரல் அளவு அலுமினியத் துண்டு அதை எப்படித் தாங்கும்? மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். வகுப்பில் எத்தனை முறை எழுதிப் போட்ட சமன்பாடு அது.

இரண்டாம் முறை முதலில் அளந்தோம். கராஜ் வைத்திருக்கும் ஒரு நானா கிளாம்ப் மீற்றர் தந்தார். சுமையில்லாமல் 2 அம்பியர், ஏற்றத்தில் 14, சில்லை இறுக்கிப் பிடித்தால் 28. சுழலும் மோட்டர் தானும் எதிராக ஒரு வோல்ற்றளவை உண்டாக்கி மின்னோட்டத்தைக் குறைக்கும். நின்றுபோன மோட்டருக்கு அந்தத் தடுப்பு இல்லை. கொன்ட்ரோலருக்கு ஆபத்து வேகத்தில் அல்ல, சிக்கி நிற்பதில்தான்.

நல்ல கொன்ட்ரோலர் இரண்டு எண் சொல்லும். சேபர்டூத் 2×32 என்பது ஒரு மோட்டருக்குத் தொடர்ந்து 32 அம்பியர், சற்று நேரத்துக்கு 64 என்று பிரித்தே சொல்கிறது. அதை வாங்க எங்களிடம் காசில்லை. ஆகவே சில்லை 10 அங்குலத்திலிருந்து 6க்குக் குறைத்தோம். வேகம் குறைந்தது, ஏற்றத்தில் மின்னோட்டமும் 9 அம்பியருக்கு இறங்கியது. அதே வகைப் புதிய பலகைகளுக்குப் பெரிய அலுமினியமும் விசிறியும் வைத்தோம்.

இணையத்தில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று வயர் வெளிவரும் விமானக் கொன்ட்ரோலர் பிரஷ் இல்லாத மோட்டருக்கானது. வைப்பர் மோட்டரை அது ஓட்டாது.

கடைசியாக, எரிந்த சுவிட்ச் பெரும்பாலும் மூடியபடியே ஒட்டிக்கொள்ளும். ரிமோட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு மோட்டருக்கும் 15 அம்பியர் பியூஸ், பற்றரிக்குப் பக்கத்தில் கையால் அடித்து நிறுத்தும் சிவப்பு சுவிட்ச். சில்லுகளைக் கல்லில் தூக்கி வைத்து, ஓடும்போதே ரிமோட்டை அணைத்தும் பாருங்கள். நிற்காவிட்டால் வண்டியைத் தரையில் இறக்க வேண்டாம்.

முதல் நோன்பன்று வண்டி கஞ்சி கொண்டுபோனது, அல்ஹம்துலில்லாஹ். சட்டியை மூடிக் கட்டி, பக்கத்தில் ஒரு பிள்ளை சிவப்பு சுவிட்சில் கை வைத்தபடி நடந்தான். பிள்ளைகளின் காசும் அமானிதம், பிள்ளைகளும் அமானிதம். துஆச் செய்யுங்கள்.