வெள்ளை கட்டிய பந்தலில் இரண்டு கமெராக்கள்

விடியப்புறம் மூன்றரைக்கு கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். கோணாவில் தாண்டினால் ஸ்கந்தபுரம் மட்டும் இருட்டும் ஆவணிப் புழுதியும்தான். முதுகுப் பையில் இரண்டு கமெராக்கள். ஒன்று, ஏழு வருடமாக என்னோடு உழைக்கும் கெனன் 700டி. மற்றது இரவல்: பாவித்த கெனன் 6டி, ஃபுல் ஃபிரேம். அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். "கொண்டுபோய் ஒரு கலியாணவீடு எடுத்துப் பாரும். நாளைக்குப் பின்னேரம் காசு, இல்லாட்டிக் கமெரா, ரெண்டில ஒண்டு எனக்கு வரவேணும்" என்று சொல்லித் தந்தார்.

எனக்கு அந்த மாதம்தான் சீட்டுக்காசு கைக்கு வந்திருந்தது. அவர் கேட்ட விலைக்குச் சரியாக இருந்தது, மிச்சம் இல்லை. புதிய கமெரா என்ற பேச்சை 2022உடன் விட்டுவிட்டேன். கெனன் ஆர்பி 2019இல் மலிவான ஃபுல் ஃபிரேமாக 1,299 டொலருக்கு வந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாயளவில் நின்றபோது அது ஏறத்தாழ 2,60,000 ரூபாய். மே மாதம் டொலர் முந்நூற்று அறுபதைத் தொட்டபோது அதே கமெரா 4,65,000 ரூபாய்க்கு மேல். வரி, லென்ஸ் எதுவும் இதற்குள் இல்லை. சனி ஞாயிறில் மட்டும் படம் பிடிக்கிறவனுக்குப் பாவித்த சாமான்தான் வழி.

கலியாணவீட்டில் முதல் வேலை பெண்ணை அலங்கரிக்கும் அறையில். பத்தடிக்குப் பத்தடி அறை. உள்ளே பெண், தோழி, அலங்கரிக்க வந்த அக்கா, நாலு மச்சாள்மார், ஒரு அலுமாரி. என்னிடமிருக்கும் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸை 700டியில் பூட்டினால் பெண்ணின் முகம் மட்டும்தான் அடங்கும். பின்னால் போகச் சுவர் விடாது. அதே லென்ஸை 6டியில் மாட்டினேன். பெண்ணும் கண்ணாடியும் பூக்கட்டும் கையும் ஒன்றாக வந்தன.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஃபுல் ஃபிரேம் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர், பழைய பிலிம் றோலின் ஒரு படத்தளவு. என் 700டியின் சென்சர் 22.3க்கு 14.9. சின்னச் சென்சர் லென்ஸ் தரும் காட்சியின் ஓரங்களை வெட்டி நடுவை மட்டும் எடுப்பதால், 50 என்பது 80 போல நெருக்கமாகத் தெரிகிறது. பரப்பில் பெரியது சின்னதைப்போல 2.6 மடங்கு. சேரும் வெளிச்சமும் அவ்வளவு கூடுகிறது.

ஆனால் குடும்பம் முழுவதையும் சேர்த்து எடுக்கச் சொன்னபோது 6டி கைவிட்டது. இன்னும் அகலமான லென்ஸ் வேண்டும். என்னிடமிருக்கும் 18-55, சின்னச் சென்சருக்கென்றே செய்த ஈஎஃப்-எஸ் வகை. 6டியில் அது பூட்டவே பூட்டாது. திரும்ப 700டியை எடுத்தேன். விலை பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை. கமெராவை மாற்றினால் லென்ஸையும் மாற்ற வேண்டி வரும், அந்தக் காசு சீட்டில் இல்லை.

ஐந்தே முக்காலுக்கு முகூர்த்தம். வெளியில் இன்னும் சரியாக விடியவில்லை. மணவறையைச் சுற்றி மலிவான எல்ஈடி விளக்குகள். முதல் நாலு படமும் இரண்டு கமெராவிலும் கறுப்புக் கோடுகளோடு வந்தன. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், இந்த விளக்குகள் நொடிக்கு நூறு தரம் மினுங்கும். ஷட்டரை நூறில் ஒரு நொடிக்கு இறக்கியதும் கோடு போனது. இதற்கு எந்தச் சென்சரும் மருந்தில்லை.

பந்தலுக்குள் வெள்ளை கட்டியிருந்தார்கள். பிளாஷை நேரே அடிக்காமல் மேல்நோக்கி அந்த வெள்ளைக்கு அடித்தேன். வெளிச்சம் மேலே பட்டு, பரந்து, மெதுவாக முகங்களில் இறங்கியது. மஞ்சள், சிவப்புச் சீலை கட்டிய மண்டபங்களில் இப்படி அடித்தால் மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும். வெள்ளை கட்டும் வழக்கம் கமெராக்காரனை நினைத்து வந்ததல்ல, என்றாலும் அன்றைக்கு அது எனக்கென்றே கட்டியதுபோல இருந்தது. தாலிகட்டு முழுவதும் 700டியில், ஐஎஸ்ஓ 800இல் எடுத்தேன். ஒரு முகத்திலும் குறை இல்லை.

6டி தன் ஆட்டத்தைக் காட்டியது பிறகுதான். சடங்கு முடிந்து பொம்பிளை மாப்பிள்ளை சாமியறைக்குப் போனார்கள். குத்துவிளக்கு ஒன்று மட்டும். அம்மம்மா திருநீறு எடுத்து நெற்றியில் பூசுகிறார். இங்கே பிளாஷ் அடித்தால் அந்த இருட்டின் வடிவு செத்துவிடும். 700டி குறியைத் தேடி லென்ஸை முன்னும் பின்னும் உருட்டியது. 6டியின் நடுக் குவியப்புள்ளி ஒரே பிடி. கண்ணுக்கு இருட்டாய் இருந்த இடத்தில் அது அம்மம்மாவின் விரல்நுனிச் சாம்பலைக் கண்டது. ஐஎஸ்ஓ 6400. மணல்மணலாய் வரவேண்டிய நிழல் அமைதியாக இருந்தது. பதினொரு புள்ளிகளில் நடுவில் இருப்பது ஒன்றுதான் இந்த வேலைக்கு நம்பத்தக்கது. ஓரப்புள்ளியை நம்பி எடுத்த அடுத்த இரண்டு படமும் மங்கல். முதல் படத்தைத் திரையில் பார்த்தபோது மட்டும், சீட்டுக்காசு முழுவதையும் கொடுத்துவிடலாம் என்று மனம் சொன்னது.

பந்தி முடிந்து விறாந்தையில் கொப்பியும் பேனையுமாக இருந்தேன். அல்பத்தில் பெரிய பக்கம் 12க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடிக்க 5400க்கு 3600 வேண்டும். 700டி தருவது 5184க்கு 3456. 6டி 5472க்கு 3648. கையில் அல்பத்தை வைத்துப் பார்ப்பவர் இந்த வித்தியாசத்தைக் காணமாட்டார்.

வெளிச்சக் கணக்கு இன்னும் சுவையானது. பெரிய சென்சர் ஒன்றேகால் ஸ்டொப்புக்குச் சற்றுமேல் லாபம் தருகிறது. 6டியோடு வழக்கமாகச் சேர்த்துத் தரப்பட்ட 24-105 லென்ஸின் திறப்பு எஃப் 4. என் 700டிக்கு 17-50 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றைப் பாவித்ததாக வாங்கினால், எஃப் 4ஐ விட இருமடங்கு வெளிச்சம் உள்ளே விடும். அது ஒரு முழு ஸ்டொப். மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு ஸ்டொப். அதற்காகவா ஒரு முழுச் சீட்டு?

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கப் பெண்ணின் தாய் தேத்தண்ணி கொண்டு வந்தார். என் தலைக்கு மேல் சுவரில் அவருடைய கலியாணப்படம் மாட்டியிருந்தது. புள்ளிபுள்ளியாய்க் கலங்கிய படம். முகங்களில் நிறம் பச்சைக்கு ஓடியிருந்தது.

"என்ன தம்பி பாக்கிறீர்? அது கனடாவில மச்சாளிட்ட இருந்த கொப்பி. போனில எடுத்து அனுப்பினவ. எங்கட அல்பம் 2009இல போட்டுது."

எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனபோது சனம் வந்து ஒதுங்கிய ஊர்களில் ஸ்கந்தபுரமும் ஒன்று. பிறகு 2008இல் ஒதுங்க வந்தவர்களும் ஒதுங்க இடம் கொடுத்தவர்களும் சேர்ந்தே கிழக்கே நடந்தார்கள், முள்ளிவாய்க்கால் மட்டும். வழியில் முதலில் கைவிடப்பட்டவை பாரமான சாமான்கள். கலியாண அல்பம் பாரமானது.

"தம்பி, இண்டைக்கு எடுத்த படமெல்லாம் உதுக்குள்ளதானே இருக்கு? உது பழுதாப் போனா?" என்று என் கமெராவைக் காட்டிக் கேட்டார்.

பதில் சொல்ல வாய் எழவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் வீட்டில் என் மெமறி காட் பழுதாகி, கேக் வெட்டிய படம் ஒன்றுகூட மிஞ்சாமல் போனது. காசைத் திருப்பிக் கொடுத்தேன், நாளைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. 700டியில் காட் போட ஒரு துளைதான். 6டியிலும் ஒன்றுதான். சென்சர், லென்ஸ், ஐஎஸ்ஓ என்று நான் கொப்பியில் எழுதிய கணக்கில் அந்த வரியே இல்லை.

மடிக்கணினியைத் திறந்து அங்கேயே காட்டுகளை இறக்கினேன். ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் அறைக்குள் போய் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்து ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்தார். காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம். ஓட வேண்டி வந்தால் முதலில் கைக்கு வரவேண்டிய பை. அதற்குள் பென்டிரைவை வைத்து இரண்டு முடிச்சுப் போட்டார்.

வரும் வழியில் கணக்கை மாற்றிப் போட்டேன். முதலில் 17-50 எஃப் 2.8 லென்ஸ். மிச்சத்தோடு, 700டியை விற்ற காசையும் சேர்த்து, பாவித்த 7டி மார்க் 2. சின்னச் சென்சர்தான், ஆனால் காட் இரண்டு போடலாம், ஒரே படத்தை இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும், என்னிடமுள்ள லென்ஸ் எல்லாம் பூட்டும். சாமியறை வெளிச்சத்துக்கு அந்த 50 எஃப் 1.8 இருக்கிறது, 6டி அளவுக்கு வராது, தெரியும்.

மறுநாள் பின்னேரம் 6டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன், பிடிக்கேல்லையோ?"

"நல்லாப் பிடிச்சிருக்கு அண்ணை. 5டி மார்க் 3 ஆரும் விக்கினமெண்டு கேள்விப்பட்டாச் சொல்லுங்கோ. இப்ப இல்லை, அடுத்த சீட்டுக்கு."

"அதில என்ன கூட இருக்கு?"

"ரெண்டு காட் போடலாம்."

அவர் சிரித்தார். அம்மம்மாவின் திருநீற்றுப் படத்தை அவருக்குக் காட்டினேன். சிரிப்பு நின்றது. "இது என்ர கமெராவில எடுத்ததோ?" என்று கேட்டு, திரும்பத் திரும்பப் பார்த்தார். அவருக்கும் ஒரு கொப்பி அனுப்பினேன்.