அத்தாவுக்காக எழுதிய ஆங்கிலக் கடிதம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, என் பேத்தி கைப்பேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெருங்குடியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ராஜீவ் காந்தி சாலையில் இருக்கிறது அவளுடைய அலுவலகம்.

"நன்னா, இதைக் கேளுங்கள். எங்கள் ஆபீசில் கூட்டித் துடைக்கிற அக்கா ஒருவர் மேலாளருக்கு எழுதிய விண்ணப்பம். யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்" என்றவள், அதைப் படித்தும் காட்டினாள். "ஐ ஆம் வொர்க்கிங் ஹார்ட்லி ஃபார் எய்ட் இயர்ஸ்."

எட்டு ஆண்டுகளாகக் கடுமையாக உழைத்து வருகிறேன் என்று சொல்ல வந்திருக்கிறார் அந்தப் பெண்மணி. எட்டு ஆண்டுகளாக வேலை என்று ஒன்றையும் நான் செய்ததில்லை என்ற பொருளில் அது தாளில் வந்து நின்றுவிட்டது. குழுவில் இருந்தவர்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சொல்லை, அதே இடத்தில், 1977ஆம் ஆண்டு நானும் எழுதியிருக்கிறேன். அதுவும் எனக்காக எழுதவில்லை. என் தந்தை மர்ஹூம் அத்தா அவர்களுக்காக எழுதினேன்.

அத்தா பல்லாவரம் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தார்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைத் தூக்கிப் போடுவது, ஆவாரம்பட்டைச் சாற்றில் புரட்டுவது என்று இருபத்தாறு ஆண்டுகள். ஜும்ஆவுக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு புறப்படுவார்கள். ஆனாலும் நகக்கண்களில் ஏறிய பட்டைக் கறை மட்டும் போகாது. ஓய்வு பெறும் நேரம் வந்தபோது தமக்குப் பதிலாக என் தம்பிக்கு அங்கே ஒரு வேலை கேட்க வேண்டும் என்று எண்ணினார்கள். மேலாளரிடம் நேரில் கேட்கக் கூச்சம். "நீதான் இங்கிலீசு படித்தவனாயிற்றே, ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தா" என்றார்கள் என்னிடம்.

அப்போது எனக்கு 22 வயது. தட்டச்சில் மேல்நிலைத் தேர்வு முடித்திருந்தேன். அந்தப் பெருமிதத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அதன் நடுநாயகமாக ஒரு வாக்கியம்: "மை ஃபாதர் ஹேஸ் வொர்க்ட் ஹார்ட்லி ஃபார் ட்வென்டி சிக்ஸ் இயர்ஸ் இன் யுவர் எஸ்டீம்ட் கம்பெனி." எழுதி முடித்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பொருள் விளங்காவிட்டாலும் அத்தா கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மாலை வந்து திண்ணையில் அமர்ந்தவர்கள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "மேனேஜர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு ரொம்பச் சிரித்தார். இருபத்தாறு வருசமாய் நீ வேலையே செய்யவில்லை என்று உன் மகனே எழுதிக் கொடுத்திருக்கிறானே பாய் என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அப்படியா எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார்கள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் லிஃப்கோ அகராதியை வாங்கிப் பார்த்தேன். அங்கே நின்றபடியே அழுதேன். தம்பிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. காலியிடம் இல்லை என்றார்கள். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

அந்த வாரமே மூர் மார்க்கெட்டுக்குப் போய், பழைய புத்தகக் கடையில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தை வாங்கினேன். 1985இல் தீக்கிரையான அந்த மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புத்தகக் குவியலின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கும். அந்நூலை எழுதிய இருவருள் ரென் என்பவர் பம்பாயில் கல்வித்துறையில் பணிபுரிந்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவரே. வினையடைகளைப் பற்றிய பகுதியில் என் பிழை எனக்காகவே காத்திருந்தது. ஒரே வேரிலிருந்து இரண்டு உருவங்கள். 'லி' சேராதது ஒரு பொருள், சேர்ந்தது வேறு பொருள்.

பேத்தியை உட்காரவைத்து இவ்வளவையும் சொன்னேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சற்று நேரங்கழித்து, "ஆனாலும் நன்னா, இது சின்ன விஷயமில்லையா? பள்ளிக்கூடத்திலேயே தெரிந்திருக்க வேண்டாமா?" என்றாள்.

பள்ளிக்கூடத்தில்தானே அந்தப் பிழையே பிறக்கிறது! ஸ்லோ என்றால் மெதுவான. 'லி' சேர்த்து ஸ்லோலி என்றால் மெதுவாக. குவிக் என்றால் விரைவான. குவிக்லி என்றால் விரைவாக. இப்படித்தான் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். நம் தமிழும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. அழகு, அழகாக, கடுமை, கடுமையாக, 'ஆக' என்று ஒட்டிவிட்டால் தீர்ந்தது, அது ஒருபோதும் நம்மைக் கைவிடுவதில்லை. இந்த நம்பிக்கையோடு ஹார்ட் என்பதோடும் 'லி'யை ஒட்டுகிறான் பையன். பாடத்தைக் கவனித்தவன்தான் ஹார்ட்லி என்று எழுதுவான். கவனிக்காதவன் ஹார்ட் என்று எழுதிவிட்டுத் தற்செயலாகத் தப்பித்துக்கொள்வான்.

இதற்கு ஆங்கிலத்தின் பழங்கதைதான் காரணம். மிகப் பழைய ஆங்கிலத்தில் வினையடைக்கு இரண்டு வகை ஈறுகள் இருந்தன. ஒன்று 'எ' என்று முடியும் சிற்றீறு. மற்றொன்று இன்றைய 'லி'க்கு மூலமான ஈறு. நாளடைவில் சிற்றீறு தேய்ந்து உதிர்ந்தது. அதனால் 'கடினமான' என்பதற்கும் 'கடினமாக' என்பதற்கும் ஹார்ட் என்ற ஒரே உருவம் நின்றுவிட்டது. 'லி' ஈறு பெற்ற ஹார்ட்லியோ முதலில் 'வலிமையாக, கடுமையாக' என்ற பொருளில்தான் வழங்கியது. பிறகு 'சிரமத்தோடு' என்றாயிற்று. சிரமத்தோடு நடப்பது அரிதாகத்தானே நடக்கும்? ஆகவே சுமார் 16ஆம் நூற்றாண்டில் 'அரிதாக, ஏறக்குறைய இல்லையென்னும்படி' என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே நான் அத்தாவைப் பற்றி எழுதியது ஒரு காலத்தில் சரியான ஆங்கிலம்தான். நானூறு ஆண்டுகள் லேட், அவ்வளவே.

லேட் என்றதும் நினைவு வருகிறது. நம் திருமண அழைப்பிதழ்களில் மர்ஹூம் என்று போடும் இடத்தில் ஆங்கிலத்தில் லேட் என்று போடுகிறோம். அதே சொல் வினையோடு சேர்ந்தால் 'தாமதமாக'. 'லி' சேர்ந்து லேட்லி என்றானால் தாமதமும் இல்லை, மரணமும் இல்லை; 'அண்மைக் காலமாக' என்று பொருள். எங்கள் தெருவில் ஒரு சிறுவன் பள்ளிக்கு நேரம் கழித்துப் போனதற்குக் காரணம் எழுதும்போது, தந்தை தாமதமாக அழைத்து வந்தார் என்று சொல்ல நினைத்து 'மை லேட் ஃபாதர்' என்று எழுதிவிட்டான். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் அந்தத் தந்தையேதான்! நல்லவேளையாக அது முதலில் என் கண்ணில் பட்டது.

நியர் என்றால் பக்கத்தில். நியர்லி என்றால் ஏறக்குறைய. 'ஷி நியர்லி டைட்' என்று சொன்னால் அவள் பக்கத்தில் இறந்தாள் என்பதல்ல. மயிரிழையில் பிழைத்தாள் என்பது. வெளிநாட்டிலிருந்து வரும் செய்தியில் இதைத் தவறாகப் படித்தால் ஒரு வீடே அழுது தீர்த்துவிடும். ரயில் நிலையத்தில் வண்டி ஷார்ட்லி வந்து சேரும் என்று அறிவித்தால் 'சற்று நேரத்தில்' என்பதுதான்; குட்டையாக வராது. ஹை என்பது உயரத்தைச் சொல்லும், ஹைலி மதிப்பைச் சொல்லும். ஃப்ரீ என்பது கட்டணமில்லாமல், ஃப்ரீலி என்பது தடையில்லாமல். மற்றவற்றை அகராதி பார்த்துக்கொள்ளும்.

பிரசென்ட்லி என்ற ஒன்று மட்டும் பொல்லாதது. நம் அலுவலகங்களில் 'தற்போது' என்ற பொருளில் அதை எழுதாத விண்ணப்பம் இல்லை. பிரிட்டிஷ் மரபில் அதன் பொருள் 'சற்று நேரத்தில்'. அமெரிக்கரும் ஸ்காட்லாந்துக்காரரும் 'தற்போது' என்றே வழங்குகிறார்கள். பழைய ஆசிரியர்கள் இதைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பார்கள். பொருளைத் தெளிவாகச் சொல்ல நவ் என்ற சிறு சொல் இருக்கும்போது இந்தச் சண்டையில் நாம் ஏன் விழ வேண்டும் என்பது என் கட்சி.

ஓசை சற்றே மாறினால் பொருள் தலைகீழாகும் என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிய செய்தியன்று. மக்தபில் உஸ்தாத் எத்தனை முறை நிறுத்தியிருக்கிறார்! அடித்தொண்டையிலிருந்து காஃப் எழும்பினால் கல்பு என்பது இதயம். சாதாரணக் காஃபாக வழுக்கினால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஏழு வயதில் அதைப் பிரித்தறிந்த செவிக்கு ஹார்டும் ஹார்ட்லியும் என்ன பெரிய மலை? உஸ்தாத் பிழையைத் திருத்தினார். சபையைக் கூட்டிச் சிரிக்கவில்லை.

நான் பெருங்குடியில் மனை வாங்கியது 1989இல். அப்போது இது பேரூராட்சி. பழைய மாமல்லபுரம் சாலை ஒடுங்கிக் கிடக்கும். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நீர்க்கோழிகளின் சத்தம் இரவில் கேட்கும். 2007இல் பறக்கும் ரயில் வந்தது. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தோம். சாலை அகலமாகி, கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து, மெட்ரோ தூண்களும் வந்தாயிற்று. அவற்றோடு ஆங்கிலமும் வந்து இறங்கிற்று. பொறியாளர் மட்டும் பேசினால் போதும் என்று அது நிற்கவில்லை. வாயிற்காவலரும் துப்புரவுப் பணியாளரும் தம் குறையை எழுதினால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற நிலை. தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படிப்பவர் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது வாடிக்கை மொழி, இந்தப் பக்கம் நிற்பவருக்கோ அது பிழைப்பு. இதைத்தான் என் பேத்திக்குச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

1993இல் அத்தா வஃபாத்தான பிறகு அவர்களுடைய தகரப் பெட்டியில் கிடைத்தது அது. ரேஷன் அட்டைக்கும் தொப்பிக்கும் இடையில் நான்காக மடித்து வைத்திருந்தார்கள். மேலாளர் திருப்பிக் கொடுத்த என் கடிதம். ஹார்ட்லி என்ற சொல்லுக்குக் கீழே நீல மையில் அவர் இழுத்த கோடு அப்படியே இருந்தது. அத்தாவுக்கு ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதில் பிழை இருக்கிறது என்பது மட்டும் தெரியும். பதினாறு ஆண்டுகள் அதைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள்.

பேத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை.

மறுநாள் அவள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது முகம் வாடியிருந்தது. அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னாளாம், போட்டவரும் நீக்கிவிட்டார். பிறகு அந்த அம்மாவைத் தேடிப்போய்ப் பேசியிருக்கிறாள். இரவு முறையிலிருந்து பகல் முறைக்கு மாற்றிக் கேட்கும் விண்ணப்பம் அது. "நீங்களே எழுதினீர்களா அக்கா?" என்று கேட்டதற்கு, "என் பையன் எழுதிக் கொடுத்தாம்மா, ஒன்பதாவது படிக்கிறான், நல்லா இங்கிலீசு எழுதுவான்" என்றாராம்.

"அதற்கு நீ என்ன சொன்னாய்?" என்றேன்.

"நன்றாக எழுதியிருக்கிறான் என்றேன், நன்னா. கையெழுத்தாக இருப்பதால் தட்டச்சு செய்து தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் அவன் எழுதியபடியே இருக்கிறது."

அடுத்த மாதம் அந்த அம்மாவுக்குப் பகல் முறை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். மூர் மார்க்கெட்டில் வாங்கிய ரென் அண்ட் மார்ட்டினை அந்தப் பையனுக்குக் கொடுத்தனுப்பினேன். முதுகு கிழிந்திருந்தது. பேத்தி பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டு, வினையடைப் பகுதி வரும் பக்கத்தில் ஓர் அடையாளச் சீட்டும் செருகி எடுத்துப் போனாள்.