நான் வெட்டிய மரம்

ஜூலை 29, சர்வதேசப் புலிகள் தினம். டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு வந்த வேலை, சைபீரியப் புலி பற்றி ஒரு கார்டு. பனியில் நடந்து வரும் புலி, பக்கத்தில் ஓங்கி நிற்கும் பைன் மரம் என்று அருமையான படம் கிடைத்தது. "புலி முகம் பெருசா தெரியணும். மரத்தைத் தூக்கிடு" என்றார் சீனியர். இரண்டு நொடியில் மரம் காலி.

கேப்ஷன் எழுதப் படிக்க உட்கார்ந்தபோதுதான் உறுத்தியது.

அந்தப் புலிகளின் வீடு, ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள சிக்கோட்டே-அலின் மலைக்காடு. அங்கே வளர்வது கொரியன் பைன். புலிக்கும் அதற்கும் என்ன ஒப்பீடு? ஒன்று உறுமும், பாயும். மற்றொன்று நூற்றுக்கணக்கான வருடங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். புலி அந்த மரத்தின் ஒரு கொட்டையைக்கூடத் தின்னாது.

ஆனால், காட்டுப்பன்றி தின்னும். டிரை ஃப்ரூட்ஸ் கடையில் பைன் நட்ஸ் விற்கிறார்களே, அதே வகைக் கொட்டைதான். குளிர்காலத்தைத் தாண்ட பன்றிக்குக் கொழுப்பு தருவது அதுதான். அந்தப் பன்றிதான் புலியின் முக்கிய இரை. கொட்டை பொய்த்தால் பன்றி மெலியும். பன்றி குறைந்தால் புலி பட்டினி.

1940-களில் வேட்டையால் சில பத்துகளாகச் சுருங்கிய புலிகள், 1947-ல் வந்த தடைக்குப் பிறகு மெல்லப் பெருகி, இன்று 500-ஐத் தாண்டிவிட்டன. ஆனால், துப்பாக்கியைத் தடுத்தால் மட்டும் போதுமா? கோடரியையும் தடுக்க வேண்டுமே! மரக்கட்டைக்காக வெட்டப்பட்டுவந்த கொரியன் பைனை, வெட்டக் கூடாத மரங்களின் பட்டியலில் 2010-ல் ரஷ்யா சேர்த்தது. புலிகள் தினம் பிறந்ததும் அதே வருடம்தான், அதே நாட்டில்தான்.

கார்டு அதற்குள் போய்விட்டது. கேப்ஷனில் மரத்துக்கு இரண்டு வரி சேர்த்தேன்.

இரவு வாட்ஸ்அப்பைத் திறந்தால், என் டிபி. டிப்ளமோ சான்றிதழோடு சிரிக்கிறேன். என் தோளில் யாருடையதோ நான்கு விரல்கள். யாருடையதோ என்ன... தையல் மிஷின் மிதித்து எனக்கு ஃபீஸ் கட்டிய அம்மாவின் விரல்கள். முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அன்றைக்கு நானேதான் வெட்டியிருக்கிறேன்.

முழுப் படத்தையும் வைத்தேன். காலையில் பார்த்த அம்மா சொன்னார்: "என்னை எதுக்குடி போட்டே? உன் முகம் சின்னதா போச்சு பாரு!"