விளையாட்டும் பணிசெயல் முறைமையும்

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளை இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று வழங்குகின்றன. அதனை மாற்றுவது பற்றி ஆராய்வோர் செலவு, பாதுகாப்பு, தாய்மொழி வசதி ஆகியவற்றையே முதன்மையாகக் கொள்வர். விளையாட்டைக் கருத்திற் கொள்வோர் சிலரே. ஆயினும், இளைஞர் உள்ள வீடுகளில் எந்த முறைமை நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விளையாட்டேயாகும். எழுதும் கருவியை ஒருவர் தனித்து மாற்றிக்கொள்ளலாம். தோழரோடு கூடி ஆடும் ஆட்டத்தை அவ்வாறு மாற்றிக்கொள்ள இயலாது.

2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 முறைமைக்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் வேண்டி நிற்கின்றது. புதுக்கணினி வாங்க வல்லாருக்கு இது வெறும் செய்தி. பழைய கணினியை அரிதின் முயன்று வாங்கியோருக்கோ இது ஒரு தீர்ப்பு.

பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், நீர்வீழ்ச்சியாற் பெயர்பெற்றது இறம்பொடை. அவ்வூர்த் தோட்ட லயமொன்றிலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்த மாணவன் ஒருவனின் வீட்டுக்கும் அத்தீர்ப்பு எட்டியது. கொழுந்து பறிக்கும் தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், கண்டியில் வாங்கிய பழைய மடிக்கணினி அது. ஆறாம் தலைமுறைச் செயலி கொண்டது. பகலில் அது பாடத்துக்கு. இரவில் தம்பியின் ஆட்டத்துக்கு. அத்தம்பியின் தோழர் நால்வர் பள்ளிப்படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊர் திரும்பும் அவர்களை அவன் நாள்தோறும் சந்தித்த இடம் அவ்விளையாட்டே.

மாற்று வழி இல்லாமலில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் பழைய கணினிக்கும் உயிரூட்ட வல்லது. பேராதனை வளாகத்தின் பின்னே நிமிர்ந்து நிற்கும் ஹந்தானை மலையின் பெயரிலேயே இலங்கை ஆர்வலர் ஒரு லினக்ஸ் தொகுப்பை உருவாக்கினர். கட்டுரை எழுதவும், கணக்கிடவும், இணையத்தில் உலாவவும் இம்முறைமை போதுமானது என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

ஆட்டத்திலும் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. விண்டோசுக்கென எழுதப்பட்ட நிரலின் கட்டளைகளை லினக்ஸ் உணரும்வண்ணம் பெயர்த்துக் கொடுக்கும் வைன் என்னும் முயற்சி 1993இல் தொடங்கியது. அதனை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டானை வெளியிட்டது. 2022இல் லினக்சில் இயங்கும் ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. 2025 அக்டோபரில் ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் லினக்ஸ் பயனரின் பங்கு முதன்முறையாக நூற்றுக்கு 3 என்னும் அளவைத் தாண்டிற்று. சிறிய எண்ணே, எனினும் வளரும் எண்.

தடையாய் நிற்பது வேறொன்று. பலர் கூடி ஆடும் ஆட்டங்களில் மோசடி செய்வோரைப் பிடிக்க, சில நிறுவனங்கள் முறைமையின் கருவறை வரை புகும் காவல் மென்பொருளை நிறுவுகின்றன. அத்தகைய காவலுடைய வலோரண்ட் லினக்சில் இயங்குவதில்லை, ஃபோர்ட்நைட்டும் அவ்வாறே. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் அதுவரை வழங்கிய இசைவை 2024இல் விலக்கிக்கொண்டது. திறந்த முறைமையில் மோசடியைக் கண்டறிவது கடினம் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. மோசடி மலிந்த களத்தில் நேர்மையாளனுக்கு இன்பமில்லை. எனினும், வீட்டின் உள்ளறைத் திறவுகோலைக் காவற்காரனிடம் கொடுத்த பின் அவ்வீடு யாருடையது என்னும் வினாவும் எழாமற் போகாது.

விடுமுறையில் அண்ணன் லினக்சை நிறுவிக் கொடுத்தான். தம்பி சொன்னது ஒன்றே: "மெசின் புதுசு மாதிரி ஓடுது அண்ணே. ஆனா கூட்டாளிங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க." அச்சொல்லுக்கு எந்தத் தொழில்நுட்ப விடையும் இல்லை. ஈற்றில், ஒரே லயத்தில் இரு காம்பராக்கள் போல, வன்தட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோசும் பாஸ் லினக்சும் இவ்வாறே அருகருகே இருந்தன. படிப்பும், மின்னஞ்சலும், வங்கிக் கணக்கும் லினக்ஸ் பக்கம். ஆட்டம் மட்டும் பழைய பக்கம். இது முழுப் பாதுகாப்பன்று. இழப்பைக் குறைக்கும் ஏற்பாடு மட்டுமே.

ஆகவே, மேசைக் கணினியின் எதிர்காலத்தை மென்பொருளின் தகுதி மட்டுமே முடிவுசெய்யும் எனக் கருதுதல் பொருந்தாது. தனியே ஆடுவோன் இன்றே இடம்பெயரலாம். கூடி ஆடுவோர் கூட்டமாகவே பெயர்தல் வேண்டும். அல்லது ஆட்டத்தை ஆக்கியோர் கதவைத் திறத்தல் வேண்டும். டோட்டா 2 போன்று இரு முறைமைகளிலும் நேரடியாக இயங்கும் ஆட்டங்கள் கூட்டமாய்ப் பெயர்வோருக்கு வழி காட்டுகின்றன. லினக்சைப் பரப்ப விழையும் பல்கலைக்கழகத்தார் மாணவனிடம் முதலிற் கேட்க வேண்டிய வினா, "உன் கணினி எத்தகையது?" என்பதன்று, "நீ யாரோடு ஆடுகிறாய்?" என்பதே.