பிரிக்காத பசைப் பை

ரேஸ் எஞ்சின் உடைந்து நுகர்வோர் மன்றத்துக்கு வழக்கு வருவது அபூர்வம். எஞ்சினைக் கட்டியவரும் ஓட்டியவரும் ஒரே வட்டத்தில் புழங்குகிறவர்கள். நஷ்டத்தை விழுங்கிவிட்டு அடுத்த சீசனுக்குப் போய்விடுவார்கள். கோவையில் இது இன்னும் அதிகம். கரிவர்தன் ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய ஊர், நரேன் கார்த்திகேயனின் ஊர். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால், ஒவ்வொரு பேட்டையிலும் ரேஸ் வண்டிக்குக் கைவைக்கத் தெரிந்த ஒரு பட்டறையாவது இருக்கும். அப்படி ஒரு பட்டறையின் மீதுதான் என் கட்சிக்காரர் புகார் கொடுத்தார். அப்போது 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் நடப்பில் இருந்தது.

வண்டி மாருதி எஸ்டீம். கம்பெனியிலிருந்து வரும்போது 85 குதிரைத்திறன். அதில் டர்போ வைத்து 200-ஐத் தாண்டவைப்பது திட்டம். இவ்வளவு சக்தியைத் தாங்க எஞ்சினின் பாட்டம் எண்ட், அதாவது கிராங்க், கனெக்டிங் ராட், மெயின் கேப், பேரிங், இவற்றைப் பிடித்துவைக்கும் போல்ட்டுகள் எல்லாம் பலப்பட வேண்டும். என் கட்சிக்காரர் காசுக்குப் பார்க்கவில்லை. ஃபோர்ஜ் செய்த ராடும் பிஸ்டனும் வாங்கினார், கலிஃபோர்னியாவிலிருந்து ராட் போல்ட் வரவழைத்தார். பட்டறைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு பூட்டிக்கொடுத்தார். சில பயிற்சி ஓட்டங்கள் நன்றாகவே போயின. பிறகு ஒரு நாள், நேர்ப்பாதையில் மூன்றாவது கியரில் போகும்போது மூன்றாவது சிலிண்டரின் ராட் கழன்று, பிளாக்கின் பக்கச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. எண்ணெய் தீப்பிடிக்காதது அவர் பாக்கியம்.

எதிர்தரப்பு மூன்று வாதங்களை வைத்தது. ரேஸ் ஓட்டிப் பரிசுப் பணம் வாங்குகிறவர், ஆகவே இது வணிக நோக்கம், அவர் நுகர்வோரே அல்ல என்பது முதலாவது. பில்லில் ‘ரேஸிங் பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று முத்திரை இருக்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் நிஜமான சண்டை: கியர் மாற்றும்போது தப்பாகக் கீழ் கியரில் போட்டு எஞ்சினை எல்லை மீறிச் சுழலவிட்டார், அதனால் போல்ட் அறுந்தது என்றார்கள்.

முதல் வாதத்துக்கு அவர்கள் எடுத்துக்காட்டியது லக்ஷ்மி எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்ன தீர்ப்பு. எதிர்மனுதாரராக இருந்தது நம் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் என்பதால் கோவை வக்கீல்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். அந்த வழக்கு லாபத்துக்காக உற்பத்தி செய்ய வாங்கிய எந்திரத்தைப் பற்றியது. என் கட்சிக்காரர் பரிசாக வாங்கிய தொகை டயர் செலவுக்கே போதவில்லை. கணக்கைத் தாக்கல் செய்தேன், மன்றம் ஏற்றுக்கொண்டது. முத்திரை விஷயத்தில் என் பதில் சுருக்கமானது. பாகம் தன் குறையால் உடைந்தால் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பூட்டிய கையின் கவனக்குறைவுக்கு அந்த ரப்பர் ஸ்டாம்ப் கேடயமாகாது.

மூன்றாவதற்கு எஞ்சினே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதற்குமுன், போல்ட் எதைத் தாங்குகிறது என்பதை மன்றத்துக்குப் புரியவைக்க வேண்டும். டர்போ வைத்தால் வெடிப்பின் அழுத்தம் கூடும், அதனால்தான் போல்ட் அறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, ராடு அமுங்குகிறது, போல்ட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. புகையை வெளியேற்றிவிட்டு மேலே வந்த பிஸ்டனைக் கிராங்க் கீழே இழுக்கும் அந்தக் கணத்தில்தான் போல்ட்டின் மேல் முழுப் பாரமும் விழுகிறது. அந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. 8,000 ஆர்.பி.எம்.-இல் பிஸ்டன் உச்சியில் திரும்பும் வேகமாற்றம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கு. பிஸ்டன், பின், ரிங் சேர்ந்து 400 கிராம் என்று வைத்தால் இழுவிசை 1.4 டன். வினாடிக்கு 66 முறைக்கு மேல். சுழற்சி வேகம் ஒன்றரை மடங்கானால் இந்த இழுவிசை இரண்டேகால் மடங்காகும். இதை ஒரு தாளில் கணக்குப் போட்டு நீட்டியபோது உறுப்பினர் ஒருவர் பேனாவை எடுத்துத் தானே பெருக்கிப் பார்த்தார். அன்றுதான் மன்றம் என் வழக்கைக் கேட்கத் தொடங்கியது என்பேன்.

இவ்வளவு இழுவையை ஒரு விரல் கனம்கூட இல்லாத போல்ட் தாங்குவது அதன் முன்னிழுப்பால். முடுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு, ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கில், நீள வேண்டும். அப்படி நீண்டு இறுகிய போல்ட், ராடையும் கேப்பையும் வெளி இழுவையைவிட அதிக விசையோடு பிடித்துவைக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றின் இழுவையிலும் மிகச் சிறு பங்குதான் போல்ட்டுக்குப் போய்ச் சேரும். கரும்பு லாரியில் இறுக்கிக் கட்டிய கயிறு ஊர்போய்ச் சேரும். தொய்வாகக் கட்டியது வழியிலேயே உரசி அறும். போல்ட்டும் அப்படித்தான். இறுக்கம் குறைந்தால் கேப் ஒவ்வொரு சுற்றிலும் நூலிழை திறந்து மூடும், போல்ட் களைத்து அறும். நாலு தடவை நன்றாக ஓடிய வண்டி எப்படி ஐயா தப்பாகப் பூட்டியதாகும் என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்டதற்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. பத்து நிமிட ஓட்டத்திலேயே 40,000 இழுவை. களைப்பு ஏறுவதற்கு நாலு ஓட்டம் வேண்டியிருந்தது.

அறுந்த போல்ட்டை ஆய்வகத்துக்கு அனுப்ப மனுப் போட்டேன். மீதி மூன்று ராடுகளை மன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் முன்னிலையில் கழற்ற வேண்டும் என்றும் கேட்டேன். எஞ்சின் வழக்கில் உடைந்த பாகத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. உடைந்தது எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் போயிருக்கும். உடையாதவற்றில்தான் காரணம் பத்திரமாக இருக்கும்.

அந்தக் கழற்றல் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலாவது சிலிண்டரின் கேப்பைக் கழற்றித் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார் ஆணையரோடு வந்த எஞ்சினீயர். ராடும் கேப்பும் பொருந்தும் முகம் சீராகச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். அங்கே போல்ட் துளையைச் சுற்றி, துருவின் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தேய்மானம். நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. இரண்டாவதிலும் நான்காவதிலும் அதே. கேப் திறந்து மூடி உரசியதன் தடயம் அது. பிஸ்டன்களின் தலையில் வால்வு முட்டிய தழும்பு ஒன்றுகூட இல்லை. எல்லை மீறிச் சுழன்றிருந்தால் வால்வு பின்தங்கி முட்டியிருக்க வாய்ப்புண்டு. பேரிங் ஷெல்லிலும் எண்ணெய் வற்றிய அடையாளம் இல்லை. ஆய்வக அறிக்கையும் வந்தது: முறிவுப் பரப்பில் மரையின் அடியிலிருந்து புறப்பட்ட வளைவு வளைவான களைப்புக் கோடுகள், கடைசிச் சிறு பகுதி மட்டும் சொரசொரப்பு. ஒரே இழுப்பில் அறுந்த போல்ட் என்றால் கழுத்து மெலிந்திருக்கும், மெலியவில்லை.

குறுக்கு விசாரணையையும் ஆணையர் முன்பே வைத்துக்கொண்டோம். நுகர்வோர் வழக்கில் அப்படிச் செய்யலாம் என்று ஜே.ஜே. மெர்ச்சண்ட் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பட்டறைக்காரர் நேர்மையானவர். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

“போல்ட்டை எவ்வளவு முடுக்கினீங்க?”

“அட்டையில போட்டிருந்த டார்க் அளவுதானுங்க. ரென்ச் வெச்சுத்தான் முடுக்கினேன்.”

“மரையில என்ன தடவினீங்க?”

“எஞ்சின் ஆயிலுங்க. எப்பவும் அதுதான்.”

“நீளம் அளந்தீங்களா?”

“அதெல்லாம் பழக்கமில்லீங்க. கைக்குத் தெரியுமுங்க.”

என் கட்சிக்காரர் போல்ட் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார். அதற்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை, தயாரிப்பாளரே அனுப்பிய மசகுப் பசை. ஓரம்கூடக் கிழிக்கவில்லை. அட்டையில் இருந்த டார்க் அளவு அந்தப் பசைக்கானது. போல்ட்டை முடுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடும். மீதிதான் போல்ட்டை நீட்டும். பசைக்குப் பதில் எண்ணெய் தடவினால் உராய்வு கூடும். ரென்ச் அதே எண்ணைக் காட்டும், போல்ட் நீண்டிருக்காது. அதனால்தான் அட்டையிலேயே, முடிந்தால் நீளத்தை அளந்து பூட்டு என்று எழுதியிருந்தது. பையைச் சான்றாக ஆணையரிடம் கொடுத்தேன். பட்டறைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

எட்டு போல்ட்டுக்கும் முடுக்குமுன் நீளம், முடுக்கியபின் நீளம் என்று இரண்டு பத்தியில் எழுதிய ஒரு தாள் அவரிடம் இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். விலையுயர்ந்த ராடும் போல்ட்டும் வாங்கிவிட்டால் பாட்டம் எண்ட் பலமாகிவிட்டது என்ற நம்பிக்கை ரேஸ் உலகத்தில் ஊறிக்கிடக்கிறது. புது ராட் போல்ட் போட்டால் ராடின் பெரிய கண் வட்டம் கெடும், திரும்பக் கடைந்து அளக்க வேண்டும். மெயின் போல்ட்டை எடுத்து ஸ்டட் போட்டாலும் மெயின் துளைகளுக்கும் இதே கதிதான். இதைச் செய்யாமல் போட்ட விலையுயர்ந்த பாகம், அசல் பாகத்தைவிட ஆபத்தானது. வெளியே பறக்கும் ராடு யாருடைய காலில் பாயும் என்று சொல்ல முடியாது. இதனால்தான் இந்த வழக்கில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

மன்றம் சேவைக் குறைபாடு என்று தீர்த்தது. கூலி முழுவதும், ராட் மற்றும் போல்ட் விலையும் திருப்பித் தர உத்தரவு. உடைந்த பிளாக்குக்கும் கிராங்குக்கும் பாதிதான்; ரேஸில் ஆபத்து உண்டென்று தெரிந்தே இறங்கியவர் என்பது காரணம். இதை நான் இன்றும் ஏற்கவில்லை. பந்தயத்தின் ஆபத்தைத்தான் அவர் ஏற்றார். சரியாக முடுக்காத போல்ட்டின் ஆபத்தை ஏற்கவில்லை. மாநில ஆணையத்துக்குப் போகலாம் என்றேன். “வேண்டாம் வக்கீல் சார், சீசன் ஆரம்பிச்சிருச்சு” என்றார். பட்டறைக்காரர் கெடுவுக்குள் டி.டி. எடுத்துக் கட்டினார். புது எஞ்சினை என் கட்சிக்காரர் வேறொரு பட்டறையில் கொடுத்தார். பூட்டும் நாளில் போல்ட் நீளத்தை அளக்கும் ஸ்ட்ரெட்ச் கேஜைத் தானே வாங்கிக்கொண்டு போய், எட்டு அளவையும் பக்கத்தில் நின்று எழுதி, கட்டியவரிடம் கையெழுத்து வாங்கியபிறகுதான் சம்ப்பை மூடவிட்டாராம்.