திடீர் ஆசை யார் தலையில்?

ஆங்கிலத்தில் ‘கேப்ரிஸ்’ என்று ஒரு சொல் உண்டு. காரணம் இல்லாமல் சட்டென்று கிளம்பும் ஆசை, நேரத்துக்கு ஒன்றாக மாறும் புத்தி, எல்லாம் அதில் அடங்கும். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்த இத்தாலியச் சொல் இது, அங்கே ‘கப்ரிச்சோ’. தலை, முள்ளெலி என்ற இரண்டு சொற்கள் கூடிப் பிறந்தது என்பதே பரவலான விளக்கம். முள்ளெலியின் முதுகுபோலத் தலைமயிர் குத்திட்டு நிற்பது. ஆக, முதலில் அது ஆசையைக் குறிக்கவில்லை, திடுக்கிடலைத்தான் குறித்தது. நினைத்த இடத்தில் துள்ளும் ஆட்டின் பெயர், ‘கப்ரா’, பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள, விளையாட்டுத்தனமும் ஏறிக்கொண்டது என்கிறார்கள்.

எனக்கு அந்தப் பழைய பொருள்தான் பொருத்தமாகப் படுகிறது. ஆசை ஒருவருக்கு வருகிறது. மயிர் குத்திடுவது சுற்றியிருப்பவர்களுக்கு. என் வயதுக்காரர்கள் வீடுகளில் பார்க்கிறேனே! ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, “காலையில எல்லாரும் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புங்க” என்பார் பெரியவர். மகன் லீவு சொல்ல ஆள் தேடுவான். மருமகள், பிள்ளையின் பரீட்சையை நினைத்துக்கொண்டே புளியை ஊறப்போடுவாள். விடிந்ததும், “வேணாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்.” கோபக்காரரோடுகூடக் காலம் தள்ளிவிடலாம், எதற்குக் கோபம் வரும் என்றாவது தெரியும். இவரிடம் அதுவும் தெரியாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வாயைத் திறக்குமுன் தாத்தாவின் முகத்தைப் பார்க்கப் பழகியிருக்கும். அதை மரியாதை என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

சட்டத்துக்கு இந்த விஷயம் நன்றாகவே தெரியும். அமெரிக்காவில் 1946-ல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டம், அரசு அமைப்பின் முடிவு இப்படி மனம்போன போக்கில் எடுத்ததாக இருந்தால் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம் என்கிறது. நம் ஊர் வழக்கு ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா, தன்னை வேறு பதவிக்கு மாற்றியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு தோற்றது. ஆனால் அதில் நீதிபதி பகவதி, சமத்துவமும் தான்தோன்றித்தனமும் ஒன்றுக்கொன்று பகை என்றும், பின்னது தட்டிக்கேட்க ஆளில்லாத மன்னனின் ‘கேப்ரிஸ்’ என்றும் எழுதினார். அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு பற்றி வாதாடுபவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துவைக்கிறார்கள். மாநில அரசே காரணம் சொல்ல வேண்டுமென்றால், மாமனார் சொன்னால் குறைந்துபோவாரா?

திடீர் நினைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வராத மனிதரோடு ஒரு மணி நேரம் பேச முடியாது. ஸ்பெயின் ஓவியர் கோயா 1799-ல் வெளியிட்ட 80 செதுக்கோவியங்களுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார்: ‘லாஸ் கப்ரிச்சோஸ்’. நோயில் காது கேட்காமல் போயிருந்த காலம். சூனியக்காரிகள், கழுதை வைத்தியர், பேராசைத் துறவிகள் என்று மனசில் தோன்றியதையெல்லாம் செம்புத் தகட்டில் இறக்கினார். அந்தக் கிறுக்குக்கு விலை கொடுத்தவர் அவர். விற்பனையைக்கூடச் சில நாளில் நிறுத்த வேண்டிவந்தது. வயலின் மேதை பகானினியும் தன்னுடைய 24 கப்ரிச்சோக்களை 1820-ல் மிலானில் அச்சிட்டார். அவற்றை வாசிக்க முயன்று விரல் நோகும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தாங்களாக விரும்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள்.