பீப்பாய்க்குள் இருந்த புகை

‘கறுப்பு பீர்’ என்றால் எங்கள் வீட்டில் இரண்டு பேச்சுதான். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்பார் பாட்டி. குடியால் கெட்ட குடும்பங்களின் கதையை எடுப்பார் அப்பா. பாட்டி சொன்னதை இன்றைய மருத்துவர்கள் ஏற்பதில்லை. தாய் குடிக்கும் மது தாய்ப்பாலிலும் கலக்கும். அப்பா சொன்னதற்கு எங்கள் குடும்பமே சாட்சி.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த நான், சென்ற மாதம் பெட்டாலிங் ஜெயாவில் நண்பர் வீட்டில் ஒரு ஸ்டவுட்டைச் சுவைத்தேன். புகைமணம் கொண்ட விஸ்கி இருந்த பீப்பாயில் பல மாதங்கள் ஊறியது. 330 மில்லி புட்டியை நான்கு பேர் பகிர்ந்துகொண்டோம்.

ஸ்டவுட்டின் கறுப்பு, கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. அதில் கடுமையான வகைக்கு ‘இம்பீரியல் ஸ்டவுட்’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் ஆலைகள் ரஷ்யாவுக்குக் கப்பலேற்றிய சரக்கு அது. புகையின் கதை வேறு. ஸ்காட்லாந்தின் ஐலா போன்ற தீவுகளில் மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கி இறுகிய ‘பீட்’டை வெட்டி, உலர்த்தி, அடுப்பெரித்தார்கள். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் காய வைத்ததால் விஸ்கிக்கும் அதே மணம் வந்தது. ஸ்காட்ச் விஸ்கி குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். விஸ்கியை வடித்த பிறகும் மரத்துக்குள் கொஞ்சம் தங்கிவிடும். அதில் ஸ்டவுட்டை ஊற்றினால், மரம் குடித்ததைத் திருப்பிக் கொடுக்கும்.

முகர்ந்ததும் ஒருவர் “ஆஸ்பத்திரி வாசம்” என்றார். இன்னொருவர் “தீய்ந்த கோப்பி” என்றார். எனக்கு ரப்பர் சீட் காயும் புகைக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. பேராக் தோட்டத்தில் தாத்தாவின் லயத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. பள்ளி விடுமுறை முடிந்து வீடு திரும்பிய பிறகும் என் சட்டையில் அந்த வாசம் இருக்கும். வாயில் வைத்தால் முதலில் கறுப்புச் சாக்லேட், அப்புறம் கசப்பு, கடைசியில் தொண்டையில் நிற்கும் புகை. வானொலியில் பேசிப் பிழைப்பவன் நான். அன்று கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். புகைக்கூடம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பாலை உறைய வைத்து, உருளையில் தேய்த்து, சீட்டைக் கம்பில் தொங்கவிடுவதை விவரித்தார். பிறகு கேட்டார்: “புட்டி என்ன விலை?”

“70 வெள்ளிப்பா.”

“உங்க தாத்தா சம்பள நாளுக்கு நேரா கள்ளுக்கடைக்குப் போவாரு. பாட்டி என்னை அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லும். அப்ப எனக்கு எட்டு வயசு. நீ மணம், சுவைனு அழகா பேசுற. பேரு மாறினா போதை மாறிடுமாய்யா?”

மாறாது. கணக்குப் போட்டாலே தெரியும். சாதாரண பீர் 5 விழுக்காடு என்றால் இது 10. ஒரு புட்டி, அதே அளவுள்ள இரண்டு பீருக்குச் சமம். நாக்குக்கு அது சாக்லேட்; ரத்தத்துக்கு அது ஆல்கஹால்தான். விலை கூடியதாலோ, ரசித்துக் குடிப்பதாலோ கல்லீரல் தள்ளுபடி தராது.

ஆனாலும் அந்த மணத்தை அறிந்ததில் எனக்கு வருத்தமில்லை. அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன். நான்கு பேருக்கு ஒரு புட்டி, திரும்பும்போது கிராப் கார், மறுநாள் காலை நிகழ்ச்சி இருந்தால் அதுவும் இல்லை. இதுதான் என் கணக்கு என்றேன்.

அப்பா தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. “உன்னைக் கூட்டிட்டு வர உன் பிள்ளையை யாரும் அனுப்பற மாதிரி வெச்சுக்காத” என்றார். சட்டம் 21 வயது என்று ஓர் எல்லை போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லை இதுதான்.